படிவத்தின் ஓரத்தில் குகதாசன் அண்ணை எழுதியது

போன மாதம் என் புதிய வேலையின் முதல் சம்பளச் சீட்டு கைபேசியில் வந்தது. கியூபெக்கில், லவாலுக்குப் போகிற மெற்றோ ரயிலில் நின்றுகொண்டே திறந்தேன். தொகையை நான் பார்க்கவில்லை. பத்து வருடம் சம்பளப் பிரிவில் இருந்தவளின் கண் முதலில் போவது வலது மூலையில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்கு. அதற்குள் ஒரே ஒரு எழுத்து இருக்கும். பழைய வேலையில் எனக்கு அது எப்போதும் A. இப்போது 0 என்று நின்றது.

இது என்ன 0? இதே கேள்வியோடு வந்தவர்களுக்கு எத்தனை தரம் பதில் சொல்லியிருப்பேன்! இரண்டு தரிப்பிடம் போகும்வரை அந்தப் பதிலில் ஒன்றுகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. அரசாங்கத்திலிருந்து ஏதாவது வந்துவிட்டதா, பழைய வருடக் கணக்கில் ஏதாவது பிழையா, நான் எங்கே என்ன சொன்னேன் என்று மனம் ஓடியது. இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

முப்பத்திரண்டு வயதில் "ஓய்வுபெற்றவள்" நான். சம்பளப் பிரிவை விட்டு வந்த அன்று, என் மேசைக்கு வரவிருந்த இரண்டு இளம் பிள்ளைகள் கேக்கில் "நல்ல ஓய்வுக்காலம்" என்று பிரெஞ்சில் எழுதிக் கொண்டுவந்தார்கள். "அக்கா, போறதுக்கு முதல் உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, எங்களுக்கு உதவும்" என்று கேட்டார்கள். கேலியாகத்தான் கேட்டார்கள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன். அந்த 0 வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதினால் குகதாசன் அண்ணையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

படிப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடக் கணக்கியல் டிப்ளோமா. வகுப்பில் கடைசி வரிசை, பரீட்சையில் முதல் மூன்றுக்குள். எதையும் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகப் பார்க்க முடியாத பிறவி. சென் லோறனில் உறைந்த உணவுகளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். முந்நூறு பேர், வாராவாரம் சம்பளம். செவ்வாய் நண்பகல் பன்னிரண்டுக்குக் கணினி பூட்டும், வியாழன் சம்பளம் விழும். செவ்வாய் பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

எங்கள் பிரிவின் தலைவி மதாம் ஜிசேல். அறுபதை நெருங்கிய கியூபெக் பெண். தினமும் பத்து மணிக்கு ஒரு அப்பிளைச் சின்னக் கத்தியால் எட்டாக வெட்டிச் சாப்பிடுவார். எட்டாவது துண்டு முடியும்வரை அவர் முன்னால் யாரும் ஒரு இலக்கமும் சொல்லக்கூடாது. கோபப்பட்டு நான் கண்டதில்லை. "பிழை" என்ற சொல்லும் அவர் வாயில் வராது. என்ன பிரச்சினையோடு போனாலும் "காகிதத்தைக் காட்டு" என்பார். கணினித் திரையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "திரை நீ என்ன செய்தாய் என்று சொல்லும். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு வேண்டும்" என்பார். காகிதம் வந்ததும் கோடு போடுகிற ஒரு மர அடிமட்டத்தை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போவார்.

அவரிடம் மூன்று கட்டளைகள் இருந்தன. ஒரு தொழிலாளியிடம் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கதவைச் சாத்திய அறையில், அவரைக் கதிரையில் உட்காரவைத்துத்தான் பேச வேண்டும். படிவத்தில் உள்ள கேள்வியை வாசித்துக் காட்டலாம், விளங்கப்படுத்தலாம், ஆனால் என்ன பதில் போடுவதென்று சொல்லக்கூடாது. மூன்றாவது, கட்டத்துக்குள் இருப்பதைத்தான் பதிய வேண்டும். "ஓரத்தில் எழுதியது படிவத்தில் இல்லை." இந்த மூன்றாவதை மட்டும் நான் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தேன்.

அந்த ஒற்றை எழுத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலைக்குச் சேரும் அன்று ஒரு படிவம் நிரப்புவோம். அதை வைத்து உங்களுக்கு ஒரு வரிக் குறியீடு கிடைக்கும். வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி இல்லை என்ற சலுகை எல்லோருக்கும் உண்டு. அதைக் கேட்கிற சாதாரண ஆளுக்கு A. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்கிறவர் அந்தச் சலுகையை ஒரு இடத்தில்தான் கேட்கலாம். மற்ற இடத்தில் அவருக்கு 0. 0 என்றால் முதல் டொலரிலிருந்தே வரி பிடிக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்களிடம் அந்த எழுத்துக்கு ஒரு சாதகக் குறிப்பின் மரியாதை இருந்தது. பெட்டி அடைக்கிற பகுதியில் ரூபன் என்றொரு பெடியன். "அக்கா, என்ர மச்சானுக்கு X எண்டு இருக்காம், வரியே இல்லையாம். எனக்கும் அந்த X-ஐப் போட்டுவிடுங்கோவன்" என்று ஒரு மாதம் என் பின்னால் திரிந்தான். கமலாக்கா என்றொருவர் நேர்மாறு. வாராவாரம் இருபது டொலர் வரி கூடப் பிடிக்கச் சொல்லி எழுதித் தந்தார். "வசந்தத்தில திரும்பி வரேக்க சீட்டு விழுந்த மாதிரிப் பிள்ளை. மனுசனுக்குச் சொல்லிப்போடாதை."

குகதாசன் அண்ணை வந்தது நான் சேர்ந்த மூன்றாம் வருடம், வைகாசிக் கடைசியில். நாற்பத்தைந்து வயதிருக்கும். பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார். இரண்டு பஸ் மாறி வந்தாலும் வேலைக்கு அரை மணி முன்னதாக நிற்பார். அதற்கு முன் ஒரு பேக்கரியில் இரவு வேலை. அகதி விண்ணப்பம் இழுபட்டு இழுபட்டு ஏற்கப்பட்ட பிறகு திருச்சிக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்டு வந்திருந்தார். மனைவி அங்கே. அவரை இங்கே எடுப்பதற்கான ஸ்பொன்சர் வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. பகல் வேலை, நிரந்தர வேலை என்றுதான் எங்களிடம் வந்தார்.

அவருடைய முதல் சம்பள வியாழன். மதிய இடைவேளை. கோப்பி மெசினுக்கு முன்னால் நீண்ட வரிசை. நான் என் கோப்பியை எடுத்துத் திரும்பும்போது அவர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"பிள்ளை, ஒரு சின்ன விசயம். பழைய இடத்தில எனக்கு A எண்டு இருந்தது. இதில சைபர் எண்டு கிடக்கு. இது என்ன சைபர்?"

எட்டிப் பார்த்தேன். ஒரு வினாடிதான். எனக்குத் தெரியாத 0-வா?

"அண்ணை, ரெண்டு இடத்தில வேலை செய்யிறியள் போல? அதுதான் சைபர்."

பின்னால் நின்ற ரூபன் விடுவானா? "அடேயப்பா, அண்ணை டபுள் சம்பளமோ! எங்களுக்கும் ஒரு கோப்பி வாங்கித் தாறது!"

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நான் எழுதாமல் விடக்கூடாது. அண்ணையின் முகம் வெளிறிப்போனது.

"இல்லைப் பிள்ளை. நான் அப்பிடியில்லை. நான் ஒளிக்கேல்லை."

"பரவாயில்லை அண்ணை, பேந்து பாப்பம்."

"மனுசியின்ர ஸ்பொன்சர் பேப்பரோட இதைக் குடுக்கோணும். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை லோயரிட்டைப் போகோணும்."

"பேந்து வாங்கோ, சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் பிறகு வரவே இல்லை. நானும் தேடிப் போகவில்லை.

திங்கள் காலை பெட்டிப் பகுதி மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார். குகதாசன் வருகிற வெள்ளியோடு வேலையை விட்டு நிற்கிறாராம், கணக்கை முடிக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "தெரியாது. ஏதோ பூச்சியமாம். அரசாங்கம் அவர் மேல் குறி வைத்துவிட்டதாம். இங்கே இருந்தால் மனைவியின் கோப்பு கெட்டுவிடுமாம். பழைய பேக்கரிக்கே போகிறாராம், அங்கே அவர் பெயரில் ஒரு A இருக்கிறதாம்." அந்தப் பேக்கரியில் அவர் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்றும், கூப்பிடுகிற இரவுக்கு மட்டும்தான் வேலை தருவார்கள் என்றும் மேற்பார்வையாளரே சொன்னார். பகல் வேலையை விட்டுவிட்டு நிச்சயமில்லாத இரவு வேலையோடு ஒரு மனிதர் ஸ்பொன்சர் கோப்பைக் கொண்டுபோய் வைக்கப்போகிறார். என் ஒரு வினாடிப் பதிலால்.

அதற்கும் மேலே இன்னொரு பயம் வந்தது. அந்தப் படிவத்தைப் பதிந்தது நான். அன்று பதினொரு புதிய ஆட்கள். விசைகளில் என் விரல் ஓடுகிற வேகத்தைப் பற்றி எனக்கு அப்போது நிறையப் பெருமை. A-க்குப் பதிலாக 0-வை நான்தான் தட்டிவிட்டேனோ?

மதாம் ஜிசேல் ஐந்தாவது அப்பிள் துண்டில் இருந்தார். ஆறு, ஏழு, எட்டு. கத்தியைத் துடைத்து மடித்தார். நான் கொட்டித் தீர்த்தேன். கோப்பி மெசின், வரிசை, சிரிப்பு எல்லாவற்றையும். அவர் என்னைத் திட்டவில்லை. "கதிரை?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றேன்.

"காகிதத்தைக் காட்டு."

கோப்பறையில் இழுப்பறையைத் திறந்து எடுத்தேன். கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அடிமட்டம் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பெயர். முகவரி. பிறகு அந்தக் கேள்வி: ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் வேலை செய்கிறீர்களா? கட்டத்துக்குள் அழுத்தமான ஒரு சரி அடையாளம். அவருடைய பேனை, அவருடைய கை. நான் பிழையாகப் பதியவில்லை. மூச்சு வந்தது. அரை வினாடிக்குத்தான் வந்தது.

ஏனென்றால் அடிமட்டத்தின் நுனி முடிகிற இடத்தில், காகிதத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி இருந்தது. தமிழில்.

"தை மாதம் தொடக்கம் வைகாசி 20 வரை பேக்கரியில் வேலை செய்தேன். இப்போது அங்கு இல்லை. இந்த வருடம் இரண்டு இடம் என்றபடியால் ஓம் என்று போட்டுள்ளேன்."

பதிந்த அன்று அதை நான் பார்த்திருந்தேன். அதுதான் என்னை இன்றைக்கும் சுடுகிறது. "அட, தமிழ்!" என்று ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. வாசிக்கவில்லை. ஓரத்தில் எழுதியது படிவத்தில் இல்லை. அடுத்த காகிதத்தைப் புரட்டிவிட்டேன். அந்தக் கட்டிடத்தின் மேல்மாடியில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

"என்ன எழுதியிருக்கிறார்?" என்று மதாம் கேட்டார். பிரெஞ்சில் சொன்னேன். அடிமட்டம் அசையாமல் கிடந்தது.

"ஓரம் என்பது…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. பிறகு, "அவர் இந்தப் படிவத்தை நிரப்பாமலே விட்டிருந்தால் நாங்கள் A-தான் போட்டிருப்போம்" என்றார். உண்மை. வெறும் காகிதம் தந்தவருக்கு A. உள்ளதெல்லாம் எழுதித் தந்தவருக்கு 0.

புதிய படிவம் செவ்வாய் பன்னிரண்டுக்கு முன் கையெழுத்தாகிப் பதிவானால் அந்த வியாழன் சீட்டில் A வரும். வெள்ளிக்கிழமை அவர் அதைக் கையில் கொண்டுபோகலாம். தொலைபேசியில் அழைத்தேன், அலுவலக இலக்கம் என்றதால் எடுக்கவில்லை. சாப்பாட்டு அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். அவரைச் சுற்றி இருபது பேர், ரூபனும் இருந்தான். கூப்பிட வாய் திறந்தவள் மூடிக்கொண்டேன். இன்னொரு தரம் அந்தப் பிழையைச் செய்ய முடியாது.

திரும்பி வந்து ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதினேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். எழுத்துப் பிழை இருந்திருக்கும். "அண்ணை, நீங்கள் ஓரத்தில் எழுதியதை இன்றைக்குத்தான் வாசித்தேன். பிழை என்னுடையது. நாளை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள். கதவு சாத்தியிருக்கும். வேறு ஒருவருக்கும் கேட்காது." மடித்து, அவருடைய வேலை நேர அட்டை செருகுகிற இடத்தில் வைத்தேன்.

செவ்வாய் பதினொரு மணிக்கு வரவில்லை. பதினொன்று பதினைந்துக்கும் வரவில்லை. மதாம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். மூன்றாவது தரம் நடந்தபோது, "அந்தக் கதிரை உனக்கில்லை, ஆனாலும் உட்கார்" என்றார்.

பதினொன்று நாற்பதுக்குக் கதவு தட்டுப்பட்டது. அண்ணை தலைமுடியை மூடுகிற வலை போட்டபடியே நின்றார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. விமான நிலையத்தில் கொடுத்த காகிதம் முதல் எல்லாம் அதற்குள் இருந்தன.

"பெட்டி அடைக்கிற லைன் நிண்டாப் பிறகுதான் விட்டவங்கள். எல்லாம் கொண்டந்திருக்கிறன் பிள்ளை. எதைக் காட்டோணும்?"

"ஒண்டும் காட்ட வேண்டாம் அண்ணை. இருங்கோ."

கதிரையின் நுனியில் இருந்தார். புதிய படிவத்தை வைத்தேன். மதாம் அடிமட்டத்தை என்னிடம் தள்ளினார். அது முதல் தரம். கேள்விக்கு அடியில் வைத்து வாசித்தேன்.

"இப்ப, ஒரே நேரத்தில, வேற ஒருத்தரிட்டையும் வேலை செய்யிறியளோ எண்டு கேக்கிறாங்கள்."

"இப்பவோ? இப்ப இல்லை. ஆனா முந்தி…"

"முந்தி எண்டு கேக்கேல்லை அண்ணை."

"கேக்காட்டியும் சொல்லோணும் பிள்ளை." முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அகதி விசாரணை கியரிங்கில என்னைக் கேட்டவங்கள், எங்கெங்க இருந்தனி எண்டு. எல்லாம் சொன்னனான். கொழும்பில ஒரு சொந்தக்காரர் வீட்டில ரெண்டு கிழமை நிண்டதை மட்டும் விட்டிட்டன். ரெண்டு கிழமை என்ன பெரிசு எண்டு நினைச்சன். ஒளிச்சுப்போட்டாய் எண்டு தள்ளிப்போட்டாங்கள். பேந்து மூண்டு வருசம் அலைஞ்சனான். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் விடுறேல்லை. அப்ப லோயர் சொன்னவர், தெரியாட்டித் தமிழில எழுதுங்கோ, மொழிபெயர்ப்பாளர் பாப்பார் எண்டு."

எந்த அரசாங்கப் படிவத்துக்கும் பின்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்து வாசிக்கிறார் என்று அவர் நம்பியிருந்தார். ஒரு வாரத்துக்கு மேலாக அந்த ஆளின் பதிலுக்காகக் காத்திருந்தவருக்கு, கோப்பி வரிசையில் நான் பதில் சொன்னேன்.

மணி பதினொன்று ஐம்பது. இல்லை என்று போடுங்கோ அண்ணை என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. மதாமுக்குத் தமிழ் தெரியாது. சொன்னாலும் கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் யாரோ சொல்லித்தான் போட்டேன் என்ற பயத்தை இந்த மனிதர் இன்னொரு மூன்று வருடம் சுமப்பார் என்று தோன்றியது. கேள்வியை மறுபடியும் வாசித்தேன். மெதுவாக. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு மெதுவாக எதையும் வாசித்ததில்லை.

"இண்டைக்கு. இந்தத் தொழிற்சாலையைத் தவிர. வேற எங்கையும் வேலை செய்யிறியளோ?"

"இண்டைக்கு… இல்லை."

பேனையை எடுத்தார். வைத்தார். "அப்ப அந்த முதல் சீட்டு? சைபர் அதிலேயே கிடக்குமே?"

"கிடக்கும் அண்ணை. அதை அழிக்கேலாது. கூடப் பிடிச்சது அடுத்த வசந்தத்தில கணக்குக் குடுக்கேக்க திரும்பி வரும். அந்த எழுத்து வரி பிடிக்கிறதுக்கு மட்டும்தான். மனுசியின்ர பேப்பருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அதை மதாமிடம் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கணினியில் ஒரு கடிதம் அடித்தார். குகதாசன் எங்கள் நிரந்தரத் தொழிலாளி. முதல் வாரக் குறியீடு படிவத்தில் ஏற்பட்ட ஒரு விளக்கக் குறைவால் வந்தது, திருத்தப்பட்டது. மூன்று வரி, கையெழுத்து, முத்திரை. அண்ணைக்கு அந்தப் பிரெஞ்சு முழுக்க விளங்கவில்லை. ஆனால் முத்திரை விளங்கியது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்திட்டார். நான் காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் விடவில்லை. பேனையை ஓரத்துக்குக் கொண்டுபோய் எழுதத் தொடங்கினார். மதாம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை. அண்ணை எழுதி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"வாசி" என்றார் மதாம்.

"பேக்கரியில் வேலை செய்தது உண்மை. இப்போது இல்லை என்பதும் உண்மை."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மதாமே பதிந்தார். பிறகு மேற்பார்வையாளரை அழைத்து, வெள்ளிக்கிழமைக் கணக்கு முடிப்பு இல்லை, அவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்தார். அண்ணை எழுந்து, கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது கட்டளையைப் பற்றி மதாம் பிறகு ஒருபோதும் பேசவில்லை. அடுத்த வாரம் என் மேசையில் ஒரு சின்ன இறப்பர் முத்திரை இருந்தது. "ஓரம் வாசிக்கப்பட்டது" என்று பிரெஞ்சில். என்ன மொழியில் எழுதியிருந்தாலும், வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து வாசித்த பிறகுதான் குத்த வேண்டும். வங்காளிக்கும் கிறயோல் மொழிக்கும் நான் சாப்பாட்டு அறையில் ஆள் தேடி அலைந்த கதைகள் நிறைய உண்டு. மதாம் ஓய்வுபெற்றார். பிறகு எல்லாப் படிவமும் கைபேசிக்குள் போனது. முத்திரைக்கு வேலை இல்லாமல் போனது. எனக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

என் கேக் நாளுக்குக் குகதாசன் அண்ணை மனைவியோடு வந்திருந்தார். அந்த அக்கா இப்போது ஒரு கார்டறியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறார். "இவர் கடைச் சீட்டிலையும் ஓரத்தில எழுதுறார், பிள்ளை" என்று சிரித்தார். அண்ணை என்னைப் பார்த்து, "போற இடத்தில ஃபோம் நிரப்பேக்க என்னட்டைக் கேட்டுச் செய்யுங்கோ" என்றார்.

கேட்டிருக்க வேண்டும். என் புதிய இடத்துப் படிவத்தை மெற்றோவில் இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையே பெருவிரலால் நிரப்பினேன். வேறு இடத்திலும் சம்பளம் வாங்குகிறீர்களா என்பது போல ஏதோ கேட்டது. பழைய இடத்து விடுமுறைச் சம்பளம் இன்னும் வரவேண்டியிருந்தது. உண்மையைச் சொல்வோமே என்று "ஆம்" தட்டினேன். ஏன் என்று எழுத அந்தத் திரையில் ஓரம் இல்லை. இதெல்லாம் அந்த 0 வந்த மறுநாள் காலைதான் ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் சம்பளம் பார்க்கிற பிள்ளையைக் கோப்பி மெசினடியில் கண்டேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கைபேசியை நீட்டினேன். ஒரு வினாடி பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரு வினாடி.

"ஓ, நீங்கள் இன்னும் பழைய இடத்திலும் வேலை செய்கிறீர்களா?" என்றாள், நல்ல தெளிவான பிரெஞ்சில். வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

"இல்லை, நான் அப்பிடியில்லை" என்று என் வாயிலிருந்து வந்தது. தமிழில்.

அவளுக்கு விளங்கவில்லை. சிரித்தபடி காத்திருந்தாள். நான் கைபேசியை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே எங்கேயாவது ஒரு கதிரை இருக்கிறதா என்று கேட்டேன்.